வரியை முடிக்க விடாத விரல்

என் இடது கைச் சுட்டுவிரலை எனக்குப் பிடிக்காது. பார்ப்பதற்கு அதில் குறை ஒன்றும் இல்லை. மடக்கினால் மடங்கும், நீட்டினால் நீளும். பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் ஊரில், சென்ட் லோரன்ட் பக்கம் நான் வேலை செய்யும் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும்போது மற்ற விரல்களோடு சேர்ந்து தன் பாட்டில் வேலை செய்யும். ஆனால் அது செய்த ஒரு காரியத்துக்குப் பிறகு, சும்மா இருக்கும் நேரங்களில் அதை வலது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் எதிரே இருப்பவர்கள் எனக்குக் குளிர்கிறது என்று நினைப்பார்கள்.

சனி, ஞாயிறுகளில் நான் கல்யாண மண்டபங்களில் தாளப்பெட்டி வாசிப்பவன். வாசிப்பவன் என்று சொன்னால் மிருதங்கக்காரர்களுக்குக் கோபம் வரும், அமுக்குபவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒரு தடித்த அகராதி அளவுதான் இருக்கும். அதில் சதுரமாகப் பதினாறு பட்டன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சத்தத்தை ஏற்றி வைக்கலாம்; பக்கம் மாற்றினால் அதே பட்டன்களில் இன்னும் பதினாறு. தவிலின் ஒற்றை அடி, ஒரு கைதட்டு, ஒரு மனிதக் குரல், எதுவானாலும் சரி. எந்தச் சத்தம் எப்போது வர வேண்டும் என்று ஒருமுறை வரிசை போட்டுவிட்டால், நிறுத்தும்வரை அதுவே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கும். அந்த வரிசை போடும் பகுதிக்குத்தான் சீக்குவென்சர் என்று பெயர்.

அதற்கு மேலே ஒரு வரிசையில் எட்டுச் சின்னப் பட்டன்கள் உண்டு. எனக்கு அவைதான் பெட்டி, மற்றதெல்லாம் தகரம். ஒன்றை அமுக்கினால் பாட்டு முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். இன்னொன்றை அமுக்கினால் பழுதான கசெட் மாதிரி இழுபடும். கடைசிப் பட்டன், அமுக்கிய நொடியில் ஒலித்த துண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். விரலை எடுத்ததும் எல்லாம் பழையபடி. பாட்டு ஒன்றும் நடக்காதது மாதிரித் தன் வழியில் போகும். அமுக்கினால் உண்டு, விட்டால் இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நான் முன்கோபக்காரன். ஒரு செத்த வீட்டில் நான் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக என் சொந்த அண்ணன் ஒன்பது வருடமாக என்னோடு கதைப்பதில்லை. அந்த வார்த்தையிலிருந்து விரலை எடுக்க எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை. நான் எவ்வளவு கூத்தடித்தாலும் பின்னால் ஒரு தடயமும் வைக்காத ஒரே சாமான் அந்த எட்டுப் பட்டன்கள்தான். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாடுபவன் என் நண்பன். மன்னார்க்காரன், அதே கிடங்கில் பொருள் தூக்கும் வண்டி ஓட்டுபவன். மதிய இடைவேளையில் வண்டியில் இருந்தபடி அவன் பாடியதைக் கேட்டுத்தான் நான் போய் ஒட்டிக்கொண்டேன். பதினொரு வருடம் இரண்டு பேரும் ஒன்றாக மேடை ஏறினோம். அவனுடைய மைக் நேரே ஸ்பீக்கருக்குப் போகாது. என் பெட்டிக்குள் வந்து, என் எட்டுப் பட்டன்களையும் தாண்டித்தான் வெளியே போகும். அவன் ஒரு வரியைத் தொடங்குவான். முதல் எழுத்து வந்ததும் என் சுட்டுவிரல் கடைசிப் பட்டனில் விழும். அந்த எழுத்து மட்டும் படபடவென்று மண்டபம் முழுக்க அடிக்கும், சனம் விசில் அடிக்கும், பெடியள் ஆடத் தொடங்குவார்கள். நான் விரலை எடுக்கும்போது அவன் பாதி வரியைத் தாண்டியிருப்பான். அந்தப் பாதி ஒருவருக்கும் கேட்டிருக்காது.

திரும்பி என்னை முறைப்பான். சாப்பாட்டு இடைவேளையில் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சொல்லுவான்:

"டேய், ஒருக்கா எண்டாலும் என்னை வரியை முடிக்க விடன்டா."

"நீ முடிச்சா சனம் நித்திரையாப் போயிடும் மச்சான்."

ஒவ்வொரு கல்யாணத்திலும் இந்த இரண்டு வசனங்களும் தவறாது. பெண் வீட்டார் யார், மாப்பிள்ளை வீட்டார் யார் என்பது மறந்துபோகும், இது மறக்காது.

போன இலையுதிர் காலத்தில் அவனுடைய குரல் கரகரத்தது. பாடிப் பாடி வந்தது என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தான். மார்கழி பிறந்தும் போகவில்லை. கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்த்தார்கள், பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். புற்று. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும். டாக்டர் பிரெஞ்சில் சொன்னதை அவன் மனைவி தமிழில் சொன்னாள். பாதியில் அவளுடைய குரலும் நின்றுவிட்டது. பிறகு ஒரு வகையாகக் கதைக்கப் பழகலாம், ஆனால் அது வேறு குரலாக இருக்கும் என்றார் டாக்டர்.

காரை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். அவன் முன் சீட்டில் இருந்தான். பாதி வழியில் கேட்டான்.

"பாட்டு போனாப் போகட்டும். பிள்ளையை எப்பிடிக் கூப்பிடுறது?"

அவனுக்கு ஆறு வயதில் ஒரு மகள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்தவள். அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். வீட்டுப் பெயரை வைத்தவன் அவன்தான். அதை அவன் கூப்பிடும் விதத்தில் வேறு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். பார்வை ரோட்டில் இருக்கட்டும் என்று நான் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி ஒரு வழி சொன்னாள். இப்போதே குரலைப் பதிந்து கொடுத்தால், பிறகு எழுதுவதை ஒரு கருவி அவனுடைய குரலிலேயே வாசிக்குமாம். ஆனால் பிரெஞ்சும் இங்கிலீஷும்தான் அதற்குத் தெரியும். "நான் பிரெஞ்சில கதைச்சா என்ர பிள்ளையே சிரிக்கும்" என்றான் அவன். அந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். என்னிடம் பெட்டி இருக்கிறது, நாற்பது வசனம் பதிவோம், ஒவ்வொன்றையும் ஒரு பட்டனில் வைப்போம், அமுக்கினால் நீ தமிழில் கதைப்பாய் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. பதினொரு வருடத்தில் முதல்முறையாக என் பெட்டியை மரியாதையோடு பார்த்தான்.

மனைவி ஒரு தாளில் வசனங்களை எழுதினாள். வாங்கோ, இருங்கோ. சாப்பிட்டியளோ. நோகுது. ரோட்டில கவனம். ஓம். இல்லை. பயப்பிடாதை. கடைசி ஐந்து இடங்களில் மகளின் வீட்டுப் பெயரை மட்டும் எழுதியிருந்தாள், ஐந்து விதமாகச் சொல்ல: மாடியில் இருப்பவளைக் கூப்பிட, அதட்ட, கொஞ்ச, தேட, நித்திரையாக்க.

ஆஸ்பத்திரிக்குப் போக நாலு நாள் இருக்கையில், சனிக்கிழமை மத்தியானம், ரொக்ஸ்பரோவில் அவன் வீட்டுக் குசினியில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்று மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பனிச்சறுக்கு மேட்டுக்குப் போய்விட்டாள். ஃபிரிட்ஜ் உறுமும் என்று அதன் வயரைக் கழற்றினேன். மைக்கை வைத்து, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒரு வசனத்தைச் சோதனைக்குப் பதிந்து கேட்டேன். சுத்தமாக இருந்தது. கரகரப்புக்குள்ளும் அவன் குரல் அப்படியே இருந்தது. சோதனைதானே என்று அதை அழித்துவிட்டேன்.

பிறகு இரண்டு பிழை விட்டேன். மைக் பெட்டிக்குள் வரும் வழியை மேடைக்கு வைத்தபடியே விட்டது ஒன்று. அதாவது எட்டுப் பட்டன்களையும் தாண்டித்தான் குரல் பதிவாகும். சோதனையின்போது என் கை பட்டனில் இல்லாததால் ஒன்றும் தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தது மற்றது. அவன் கதைப்பதை வயர் வழியாக அல்ல, நேரே அவனுடைய வாயிலிருந்து கேட்க விரும்பினேன். இனி எத்தனை நாளைக்குக் கேட்கப்போகிறேன் என்ற எண்ணம். பாசத்தால் செய்த பிழை என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் பிழை பிழைதான்.

வலது கையால் பதியும் பட்டனை அமுக்கினேன். அவன் சொன்னான். நிறுத்தினேன். அடுத்தது. இடது கை எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மடியில் இருந்தது என்று சத்தியம் செய்திருப்பேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை நொந்தபோது கண்ணைச் சுருக்கிச் சுருக்கிச் சொன்னான். அழக்கூடாது என்று எதையோ இறுக்கி அமுக்கிக்கொண்டிருந்த ஞாபகம் மட்டும் இருக்கிறது. மேசை விளிம்பு என்று நினைத்தேன்.

நடுவில், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, எனக்கு ஊற்றி வைத்த தேநீரை எடுக்கக் கையை நீட்டினேன். "அது ஆறிப்போச்சு, குடிக்காதை" என்றான். "இரு, வாறன்." கோப்பையைப் பறித்துக்கொண்டு போய் மைக்ரோவேவில் சுடவைத்துக்கொண்டு வந்தான். அந்தத் துண்டை அழிக்காமல் விட்டேன். பிறகு பட்டியலைத் தொடர்ந்தோம். கடைசி ஐந்தையும் சொல்லி முடித்ததும் தாளை மடித்து வைத்தான்.

மனைவி திரும்பி வந்ததும் நான் பெருமையாக, "போட்டுக் காட்டட்டோ?" என்றேன். அவள் கைகளை உதறினாள்.

"வேண்டாம் அண்ணை, இப்ப போடாதேங்கோ. ஆள் உயிரோட முன்னால இருக்கேக்க பெட்டிக்குள்ள இருந்து குரல் வரக்கூடாது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சு வரட்டும், மாதாவே."

அவனும் தலையை ஆட்டினான். இப்படி விஷயங்களில் நாங்கள் ஒருவரும் வாதாடுவதில்லை. சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஃபிரிட்ஜை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆப்பரேஷன். எட்டு மணிக்கு நான் மெட்ரோவில் இருந்தேன், முதுகுப்பையில் பெட்டி. அவன் கண் விழித்ததும் கையில் கொடுப்பதற்கு. இருக்கை கிடைத்தது. ஒன்றே ஒன்று கேட்போம், ஒருவருக்கும் தெரியாது என்று எனக்கு ஆசை வந்தது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு முதல் பட்டனை அமுக்கினேன். "வாங்கோ, இருங்கோ" வர வேண்டும்.

வா வா வா வா வா வா.

மேல் வரிசைப் பட்டன் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். விரலால் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. அடுத்ததை அமுக்கினேன். சா சா சா சா. அடுத்தது. நோ நோ நோ நோ. அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் விரல் நிற்காமல் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போனது. ஓ ஓ ஓ. இல் இல் இல். பதினொரு வருடப் பழக்கம். அவன் வாய் திறந்ததும் என் இடது கை போய் அந்தக் கடைசிப் பட்டனில் உட்கார்ந்திருக்கிறது. முதல் எழுத்தைக் கவ்வியிருக்கிறது. அவன் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை.

மேடையில் விரலை எடுத்தால் பாட்டு மீண்டுவிடும். இங்கே மீள்வதற்கு அடியில் ஒன்றும் இல்லை. மிச்சச் சொற்கள் பெட்டிக்குள் வரவே இல்லை. அவை ரொக்ஸ்பரோ குசினியில் காற்றோடு போய்விட்டன. கடைசி ஐந்து பட்டன்களை அமுக்க எனக்குத் துணிவு வரவில்லை. அமுக்கினேன். மகளின் பெயரின் முதல் எழுத்து. ஐந்து விதமாக, முதல் எழுத்து மட்டும்.

பக்கத்தில் இருந்த பெண் தன் பையை இழுத்து வைத்துக்கொண்டாள், நான் வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு மணியைப் பார்த்தேன். எட்டேகால். பத்து மணிவரை அவனுக்குக் குரல் இருக்கிறது! போன் இருக்கிறது. நாற்பதும் வேண்டாம், பெயர் மட்டும் போதும். ஸ்னோடன் ஸ்டேஷனில் மாறி ஏறும்போது படிகளில் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினேன். கோட்-டெ-நெய்ஜில் வெளியே வந்தால் மேடு, கரைந்த பனிச் சேறு, முதுகில் பெட்டி. என் வயதுக்கு அந்த ஓட்டம் அடாது. மாதாவை எனக்குப் பழக்கம் இல்லை, ஆனாலும் அவளையும் பிள்ளையாரையும் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆறாம் மாடியில் அவனுடைய அறையில் அவனைக் காணவில்லை. கட்டில் வெறுமையாக இருந்தது. நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். தாதி கையைக் காட்டிய பக்கம் திரும்பினேன். தாழ்வாரத்தின் முடிவில் லிப்டுக்கு முன்னால் தள்ளுகட்டிலில் கிடந்தான். மனைவி செபமாலையோடு அவனுடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் லிப்டை அழைத்துவிட்டு, இன்னும் இரண்டு நிமிடம் என்று பிரெஞ்சில் சொன்னான்.

இரண்டு நிமிடத்தில் ஒரு பெயரை ஐம்பது தரம் சொல்லலாம்.

என்னைக் கண்டதும் அவன் சிரித்தான். "ஏன்டா இப்பிடி ஓடி வாறாய்? நான் எங்க போகப்போறன்?"

போன் என் கையில் இருந்தது. சொல்ல வேண்டியதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். மச்சான், பிழை விட்டிட்டன், பிள்ளையின்ர பேரை மட்டும் ஒருக்காச் சொல்லு. அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். அவன் முந்திவிட்டான்.

"எல்லாம் வடிவா வந்திருக்கோ?"

மனைவியும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஓம் மச்சான்" என்றேன். "வடிவா வந்திருக்கு."

"அப்ப சரி" என்றான். நெற்றிச் சுருக்கம் இளகியது. தலையைத் தலையணையில் சாய்த்தான். லிப்ட் வந்தது. தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

கடைசி நேரத்தில் அவனுடைய நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை. அந்த இரண்டு கண்களுக்கும், அவளுடைய இரண்டு கண்களுக்கும் முன்னால் முட்டாளாக நிற்கப் பயம். அமுக்கக்கூடாத நேரத்தில் நாற்பது தரம் அமுக்கிய விரல், அமுக்க வேண்டிய ஒரே நேரத்தில் போனின் மேல் சும்மா கிடந்தது.

காத்திருக்கும் அறையில் அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொண்டு வந்தனீங்களோ அண்ணை?" என்றாள். பையைக் காட்டினேன். "கண் முழிச்ச உடனே கையில குடுப்பம். ஆள் பயந்துபோயிடும், வாயைத் திறக்கச் சத்தம் வராட்டி."

பட்டன்களை ஒழுங்கு பண்ண வேண்டும் என்று சொல்லிப் பெட்டியை மடியில் வைத்து ஹெட்போனைப் போட்டேன். நாற்பதையும் முதலிலிருந்து கேட்டேன். எங்காவது விரல் வழுக்கியிருக்காதா, ஒரு இடத்திலாவது அரிப்பெடுத்துக் கையை எடுத்திருக்க மாட்டேனா என்று. ஒரு தும்மல் வந்திருக்கக்கூடாதா எனக்கு! இருபத்துமூன்றாவதில் குரல் உடையாமல் வந்தது. "அது ஆறிப்போச்சு, குடிக்காதை. இரு, வாறன்." இடது கை தேநீர்க் கோப்பைக்குப் போயிருந்த நேரம். பெட்டியில் முழுதாக இருந்தது அது ஒன்றுதான். பட்டியலில் இல்லாதது.

தலையை நிமிர்த்தியபோது அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை பொய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கையை நீட்டி ஹெட்போனை வாங்கிப் போட்டுக்கொண்டாள். கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மடியில் விரித்தாள். ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு, நாற்பதையும் கேட்டாள். கடைசி ஐந்தை இரண்டு தரம் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி, என்னிடம் தந்தாள்.

"உங்கட கையை வைச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருக்கத் தெரியேல்லையே அண்ணை?"

அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மத்தியானம் தாண்டி அவள் இன்னொரு தரம் கதைத்தாள். "அவருக்கு இப்ப சொல்லாதேங்கோ. முதல்ல மூச்சு விடப் பழகட்டும். பேந்து நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன்."

அதன் பிறகு வந்த வாரங்களில் நான் பைத்தியக்காரனாகத் திரிந்தேன். ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துடைத்து எடுப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்றார். எங்கள் கச்சேரி வீடியோக்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். அவன் பாடும் இடமெல்லாம் என் விரல். அவனுடைய கல்யாண வீடியோவில் பேச்சை அமத்திவிட்டு மேலே சினிமாப் பாட்டுப் போட்டிருந்தார்கள். பிள்ளையின் பிறந்தநாள் வீடியோக்களிலும் சனத்தின் இரைச்சல்தான் கேட்டது. குரல் செய்தி அனுப்பும் பழக்கம் அவனுக்கு இல்லை. பாடுகிறவன் குரலைக் கண்ட இடத்தில் சிந்தக்கூடாது என்று, எதற்கும் பெருவிரல் படம்தான் அனுப்புவான். என் போனில் பெருவிரல்கள் வரிசையாக நிற்கின்றன.

பனி உருகி, ரொக்ஸ்பரோவில் பிள்ளைகள் சைக்கிளை வெளியே எடுத்த ஒரு சனிக்கிழமை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மகள் மாடியில் ஏதோ கட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் மெலிந்திருந்தான். கழுத்தில் ஒரு மெல்லிய துணி, அதற்குப் பின்னாலிருந்து மூச்சு வந்து போனது. மகளின் சின்ன வெள்ளைப் பலகை கழுத்துக் கயிற்றில் தொங்கியது. அதே குசினி, அதே மேசை. தேத்தண்ணி போட்டு வைத்தான். நான் குடிக்காமல் சொல்லத் தொடங்கினேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேடை வழி, ஹெட்போன், பட்டன், லிப்டுக்கு முன்னால் சொன்ன பொய். முழுதாக மிஞ்சியது தேநீர் வசனம் ஒன்றுதான் என்பதையும் சொன்னேன்.

அவன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். முதல் பட்டனை அமுக்கினான். வா வா வா வா. அவனுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்துப் பயந்து நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான், சத்தமே இல்லாமல். சா சா சா சாவுக்கும் சிரித்தான். அப்படியே அமுக்கிக்கொண்டு போனான். கடைசி ஐந்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்தையும் கேட்டான். பிறகு பலகையை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினான்.

"கடைசி வரைக்கும் என்னை முடிக்க விடேல்லை."

பகிடிக்குத்தான் எழுதினானா என்று அவன் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. குரல் இருந்தால் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கல்யாணத்திலும் அதே வசனத்தைத்தானே சொன்னான், நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேனே, அந்தப் பதில் இப்போது என் வாயில் வரவில்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன். அவன் என் முதுகில் ஒருமுறை தட்டிவிட்டு எழுந்து போனான். பலகையில் எழுதியதை அழிக்கவில்லை. குழாயைத் திறந்து பாத்திரம் கழுவத் தொடங்கினான்.

மாடியிலிருந்து பிள்ளை கூப்பிட்டாள். "அப்பா!" பதில் வரவில்லை. "அப்பா! வியான்!" என்று பிரெஞ்சில் வரச் சொன்னாள். வழக்கமாக அவன் கையைத் தட்டுவானாம், தட்டினால் கேட்டுவிட்டது என்று அர்த்தம். இப்போது அவனுடைய கைகள் முழங்கைவரை நுரையில் இருந்தன. "அப்பா!" மூன்றாவது தரம் குரல் உடைந்தது. அப்பா பதில் சொல்லாத வீட்டில் ஒரு பிள்ளை எவ்வளவு சீக்கிரம் பயந்துவிடுகிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். தாடையால் அதைக் காட்டினான்.

நான் அந்தத் தேநீர் வசனத்தின் முன்பகுதியை வெட்டிவிட்டு, கடைசி இரண்டு சொற்களை மட்டும் ஒரு பட்டனில் வைத்திருந்தேன். அமுக்கிப் பிடித்திருக்கும்வரைதான் ஒலிக்கும், விட்டால் அறுந்துவிடும். என் பட்டன்களை நான் எப்போதும் அப்படித்தான் வைப்பது. மகளிடம் என்றால் அவன் "இருங்கோம்மா" என்று இழுப்பான். இது எனக்குச் சொன்னது, ஆறிப்போன தேநீருக்காகக் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னது. ஆனால் இருப்பது இதுதான். எந்தக் கை, எந்த விரல் என்று யோசிக்க நேரம் இல்லை, பழகியதுதான் போனது. பெட்டியின் சின்ன ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டிவிட்டு அமுக்கினேன்.

"இரு" என்றது பெட்டி.

குழாயடியில் அவன் அசையாமல் நின்றான். அவனுடைய குரலை அவனே கேட்டுக்கொண்டு நின்றான். என் விரல் பட்டனில் இருந்தது. எடுக்கவில்லை.

"வாறன்."

கடைசி எழுத்து அடங்கிய பிறகும் நான் விரலை எடுக்கவில்லை. மாடியில் சத்தம் நின்றது.

"ஓகே, அப்பா" என்றாள் பிள்ளை.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனான்.